சராசரியை ஒப்பிடுமுன் அளவுகோலைச் சோதியுங்கள்: விளையாட்டு அடையாள ஆய்வு குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: விளையாட்டு உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒருவர் தன்னை எவ்வளவு தூரம் விளையாட்டோடு சேர்த்து அடையாளம் காண்கிறார் என்பதை இரண்டு நாட்டு வீரர்களிடம் ஒப்பிடுவதுதான் தலைப்பு. ஒரு பக்கம் தமிழ் பேசுபவர்கள் 126 பேர், மறுபக்கம் ஆங்கிலம் பேசுபவர்கள் 131 பேர். ஏழு வாக்கியங்கள் கொண்ட விளையாட்டு அடையாள அளவுகோலைப் பயன்படுத்தினேன். தமிழ் வடிவத்தை நானே செய்தேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார், மூலத்தோடு பொருந்தியது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா இரு குழுவிலும் 0.80க்கு மேல். மொத்த மதிப்பெண்ணில் தமிழ்க் குழுவின் சராசரி 4 புள்ளி அதிகம். இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனையிலும் அது குறிப்பிடத்தக்கது. ‘தமிழ் பேசும் வீரர்களிடம் விளையாட்டு அடையாளம் வலுவாக உள்ளது’ என்று முடிவுரை எழுதினேன். ‘இரண்டு பக்கமும் ஒரே பொருளைத்தான் அளந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டு நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். தரவு முழுவதும் வீணா? இரண்டு வடிவங்களையும் இணைத்துள்ளேன்.

பதில்:

தரவு வீணாகவில்லை. ஆனால் முடிவுரையில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். உங்கள் நெறியாளர் கேட்டது சரியான கேள்வி. ஆல்ஃபாவோ டி-சோதனையோ அதற்குப் பதில் சொல்லாது.

அந்த 4 புள்ளி வேறுபாடு நான்கு இடங்களிலிருந்து வந்திருக்கலாம். அடையாளமே உண்மையில் வேறாக இருக்கலாம். மொழிபெயர்ப்பில் வாக்கியத்தின் பொருள் நகர்ந்திருக்கலாம். ஒரு குழுவினர் எந்தக் கேள்வித்தாளிலும் உயர்ந்த எண்ணையே வட்டமிடும் பழக்கம் உள்ளவர்களாக இருக்கலாம். அல்லது இரண்டு பக்கமும் நீங்கள் பிடித்த ஆட்களே வேறு தரத்தவர்களாக இருக்கலாம். உங்கள் அறிக்கை முதல் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் சோதிக்காமலே கடந்துவிட்டது. ஆல்ஃபா 0.80 என்றால் ஒரு குழுவுக்குள் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே பொருள். இரண்டு தராசுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் முள் காலியாக இருக்கும்போது பூச்சியத்தில் நிற்கிறது, மற்றொன்றின் முள் ஏற்கெனவே கால் கிலோவில் நிற்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்காகவே நிறுக்கும், எத்தனை முறை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டும். குறுக்கே ஒப்பிடும்போதுதான் பிழை வெளிவரும்.

அளவுகோலின் பின்னணி

பிரிட்டன் புரூவர், ஜூடி வான் ரால்ட்டி, டார்வின் லிண்டர் ஆகிய மூவரும் இந்த அளவுகோலை 1993இல் வெளியிட்டார்கள். அப்போது அதில் 10 வாக்கியங்கள் இருந்தன; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். விளையாட்டு அடையாளம் ஹெர்குலிஸின் தசையா, அக்கிலீஸின் குதிகாலா என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே கேட்டது. பயிற்சியில் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும் அதே பற்று, காயம்பட்டாலோ ஓய்வு பெற்றாலோ அவரைக் கீழே தள்ளவும் கூடும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையாக எடுத்தார்கள். பிறகு அது ஒன்றா பலவா என்ற விவாதம் வந்தது. 1999இல் புரூஸ் ஹேலும் நடாலியா ஸ்டம்புலோவா உள்ளிட்ட குழுவினரும் இதைப் பல நாட்டு வீரர்களிடம் சோதித்தார்கள். 2001இல் புரூவரும் ஆலன் கார்னீலியஸும் மூன்று வாக்கியங்களை நீக்கி, நீங்கள் பயன்படுத்திய ஏழு வாக்கிய வடிவத்தை முன்வைத்தார்கள். இதில் மூன்று கூறுகள் உண்டு. சமூக அடையாளத்துக்கு மூன்று வாக்கியங்கள்: தன்னை வீரராகக் கருதுவது, விளையாட்டு சார்ந்த இலக்குகள், நண்பர் வட்டம். விளையாட்டு ஒன்றே என்ற தனிப்பற்றுக்கு இரண்டு: வாழ்வில் அதன் முக்கியத்துவம், அதைப் பற்றி நினைக்கும் நேரம். எதிர்மறை உணர்வுக்கு இரண்டு: மோசமாக ஆடும்போது வருவது, காயத்தால் விலக நேர்ந்தால் வருவது. 2008இல் ஏமண்டா விசெக்கும் சக ஆய்வாளர்களும் ஆங்கில வடிவத்தையும் சீன வடிவத்தையும் அமெரிக்க, ஹாங்காங் வீரர்களிடம் ஒப்பிட்டார்கள். உங்கள் ஆய்வுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி அதுதான். முறையியல் பகுதியை எழுதுமுன் அதை முழுவதும் படியுங்கள்.

மூன்று கூறுகள் இருக்கும்போது 7 முதல் 49 வரையிலான மொத்த எண்ணை மட்டும் ஒப்பிட்டால் என்ன நடந்தது என்று தெரியாது. 4 புள்ளி முழுவதும் எதிர்மறை உணர்வின் இரண்டு வாக்கியங்களிலிருந்தே வந்திருக்கலாம். நீங்கள் அனுப்பிய தமிழ் வடிவத்தைப் படித்தபோது எனக்கு எழுந்த முதல் சந்தேகம் அதுதான்.

சொற்களில் நேர்ந்தது

‘சரியாக விளையாடாவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல தமிழ், யாருக்கும் புரியும். ஆனால் மூல வாக்கியம் கேட்பது வருத்தத்தை அல்ல, மோசமாக ஆடியதால் தன்னைப் பற்றிய மதிப்பு தனக்குள்ளேயே இறங்குகிறதா என்பதை. தோற்றால் வருந்தாத வீரர் யார்? விளையாட்டைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவரும் உங்கள் வாக்கியத்துக்கு 6 போடுவார். மூல வாக்கியத்துக்கு அவரே 3 போடக்கூடும். அதாவது உங்கள் தமிழ் வாக்கியம் ஒப்புக்கொள்வதற்கு எளிதானது. அடையாளம் சமமாக இருந்தாலும் தமிழ்ப் பக்கம் எண் ஏறும்.

திரும்ப மொழிபெயர்த்தவர் இதை மறைக்கவில்லை. நீங்கள் இணைத்த அவருடைய ஆங்கிலத்தில் ‘என்னைப் பற்றி’ என்ற பகுதி இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியதால் ‘பொருந்தியது’ என்று விட்டுவிட்டீர்கள். இதற்கு நேரெதிரான விபத்தும் உண்டு. ‘என்னைப் பற்றி மோசமாக உணர்வேன்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்திருந்தால் அது அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பியிருக்கும், ஆனால் படிப்பவருக்கு அது தமிழாகவே ஒலித்திருக்காது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விரிவாக எழுதிய திரும்ப மொழிபெயர்க்கும் முறை விடுபடல்களைக் காட்டிக்கொடுக்கும். வாக்கியம் உயிரோடு இருக்கிறதா என்பதை அது காட்டாது. ‘மோசமாக விளையாடினால் என்னையே நான் மதிப்புக் குறைவாக நினைக்கிறேன்’ என்பதை ஒரு மாற்றாக முயன்று பாருங்கள். அதுவும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. ஆட்களிடம் வாசித்துக் காட்டித்தான் முடிவெடுக்க முடியும்.

அடுத்து, காயம் பற்றிய வாக்கியம். ‘மிகுந்த மன அழுத்தத்துக்கு ஆளாவேன்’ என்பது உங்கள் தேர்வு. மன அழுத்தம் என்பது நெருக்கடியால் வரும் இறுக்கம். மூலத்தில் உள்ளது மனம் சோர்ந்து விழுவது. பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், அதனால் ஒவ்வொருவர் ஒவ்வொன்றை நினைத்துப் பதில் தருவார். ‘மனச்சோர்வு’ சரியான கலைச்சொல். ஆனால் சிலருக்கு அது நோயின் பெயர், சிலருக்கு வெறும் களைப்பு. ‘மனம் ஒடிந்துபோவேன்’ என்பது இயல்பாக வரும், ஆனால் கொஞ்சம் தீவிரம் கூடியது. இரண்டு மூன்று வடிவங்களைச் சோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

‘வீரர்’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் விளையாடுபவரைக் குறிக்கும் வழக்கமான சொல் அது, ஆனால் அதற்குள்ளேயே வீரம் இருக்கிறது, பாராட்டு இருக்கிறது. தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்ளச் சிலர் கூசுவார்கள். ‘வீரர் எல்லாம் இல்லை, கைப்பந்து ஆடுவேன்’ என்பார்கள். அவர்கள் 4 போட்டால் அது அடையாளக் குறைவா, அடக்கமா? பால் வேறுபாடும் உண்டு. உங்கள் தாளில் ‘வீரர்’ மட்டும் இருக்கிறது, ‘வீராங்கனை’ இல்லை. உங்களிடம் பெண்கள் கணிசமாக இருந்தால் அந்த வாக்கியத்தின் சராசரியை ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள். ‘தடகள வீரர்’ என்று போடாமல் தப்பித்தீர்கள். பல மொழிபெயர்ப்புகள் அங்கேதான் விழுகின்றன. ஆங்கிலப் பக்கமும் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அத்லெட் என்ற சொல் அமெரிக்காவில் எந்த விளையாட்டைச் சேர்ந்தவருக்கும் பொருந்தும், பிரிட்டனில் அது பெரும்பாலும் ஓட்டமும் தாண்டுதலும் எறிதலும் செய்பவரையே நினைவூட்டும். ஒரே மொழிக்குள்ளேயே அளவுகோல் நழுவும் இடம் இது.

‘விளையாட்டு’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’, ‘இன்னும் விளையாட்டுப் பிள்ளையாகவே இருக்கிறான்’ என்று புழங்கும் மொழி நம்முடையது. ‘என் வாழ்க்கையில் விளையாட்டே மிக முக்கியம்’ என்ற வாக்கியம் சிலர் காதில் பொறுப்பின்மையாக ஒலிக்கும். தாளின் தலைப்பிலேயே ‘நீங்கள் பயிற்சி பெற்றுப் போட்டியிடும் விளையாட்டின் பெயர்’ என்று ஓர் இடம் விட்டு, ‘கீழே விளையாட்டு என்று வரும் இடங்களில் இதையே நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் இது பெரும்பாலும் தீரும். ஆங்கிலத் தாளிலும் அதே இடமும் அதே குறிப்பும் வர வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆங்கிலத் தாளில் 1, 7 ஆகிய இரு முனைகளுக்கு மட்டும் பெயர் இருக்கிறது. தமிழ்த் தாளில் ஏழு எண்களுக்கும் பெயர் வைத்திருக்கிறீர்கள். அதில் ‘ஓரளவு’ 5, ‘கொஞ்சம்’ 6. இந்த இரண்டில் எது கூடுதல் என்று பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தாளின் அமைப்பே வேறாகிவிட்டது. அறிக்கையில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

சொல்லைத் தாண்டிய கேள்வி

மொழிபெயர்ப்பு பழுதில்லாமல் அமைந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: தனிப்பற்று என்ற கூறு எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருமா? ஒருவருக்குள் பல அடையாளங்கள் இடத்துக்குப் போட்டியிடுகின்றன, விளையாட்டு வளர்ந்தால் மற்றவை சுருங்கும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. பெற்றோரே பயிற்சியாளராகவோ குடும்பமே அந்த விளையாட்டை நம்பியோ இருக்கும்போது, விளையாட்டுக்கும் குடும்பத்துக்கும் இடையே முதலிடம் யாருக்கு என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. குடும்பத்தைவிட எதையும் முக்கியம் என்று சொல்லக் கூடாது என வளர்ந்தவர், நாள் முழுவதும் களத்திலேயே கிடந்தாலும் அந்த வாக்கியத்துக்கு 7 போட மாட்டார்.

சமூக அடையாளத்தில் வரும் நண்பர்கள் பற்றிய வாக்கியமும் இப்படித்தான். விளையாட்டு விடுதியில் தங்கியிருப்பவருக்கு அறைத்தோழர் முதல் உணவு மேசையில் எதிரே உட்காருபவர் வரை எல்லாரும் விளையாட்டுக்காரர்கள்தான். அவர் போடும் 7 விடுதி முறையைச் சொல்கிறது, மனதைச் சொல்லவில்லை. காயம் பற்றிய வாக்கியத்தில், சம்பளமும் வேலையும் விளையாட்டோடு பிணைந்தவருக்கு வரும் கலக்கத்தில் பாதி பிழைப்பைப் பற்றியது.

இதைச் சோதிக்க எளிய துணைக்கருவி ஒன்று இருக்கிறது. மான்ஃபிரட் கூனும் தாமஸ் மெக்பார்ட்லாண்டும் 1954இல் எழுதிய இருபது வாக்கியச் சோதனை அது. ‘நான் …’ என்று தொடங்கும் 20 வெற்று வரிகளைக் கொடுத்து ‘நீங்கள் யார்?’ என்று எழுதச் சொல்லுங்கள். சுமார் 12 நிமிடம் போதும். எத்தனை வரிகளில் விளையாட்டு வருகிறது, முதன்முதலில் எந்த வரியில் வருகிறது, தனியாக வருகிறதா அல்லது ‘அப்பாவின் கனவை ஓடுகிறவள்’ என்பதுபோல உறவோடு பின்னி வருகிறதா என்று குறியிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, உடன்பாட்டைக் கோகன் கப்பாவால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்லும் அளவு) சொல்லுங்கள். இதை எப்போதும் ஏழு வாக்கியங்களுக்கு முன்பே தர வேண்டும். பின்னால் தந்தால் அந்த ஏழும் நினைவூட்டிவிடும், எல்லாரும் முதல் வரியிலேயே விளையாட்டை எழுதுவார்கள்.

பதிலளிக்கும் பழக்கம்

சுவான்ஷெங் சென் உள்ளிட்டோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய, தைவான் மாணவர்கள் அளவுகோலின் நடு எண்ணை அமெரிக்க, கனடிய மாணவர்களைவிட அதிகம் தேர்ந்தார்கள். அமெரிக்க மாணவர்கள் முனைகளை நாடினார்கள். கேள்வி எதுவானாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும். நீங்கள் பயன்படுத்தும் அளவுகோலில் எல்லா வாக்கியங்களும் ஒரே திசையில் இருப்பது சிக்கலைக் கூட்டுகிறது. எதற்கும் ‘ஆம்’ என்று தலையாட்டுபவரையும் உண்மையிலேயே விளையாட்டில் ஊறியவரையும் இந்த ஏழு வாக்கியங்களால் பிரிக்க முடியாது.

ஒவ்வொருவரின் எண்களிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்தால் பழக்கம் நீங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். ஏழும் ஒரே பொருளைப் பற்றியவை. சராசரியைக் கழித்தால் அளக்க வந்த அடையாளமும் சேர்ந்து போய்விடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களைப் பற்றிய 15, 20 வாக்கியங்களை அதே ஏழு எண் அமைப்பில் சேர்த்துக் கேட்டு, அவற்றில் முனை எண்களின் பங்கையும் உடன்பாட்டின் பங்கையும் கணக்கிட்டு, அதைக் கட்டுப்பாட்டு மாறியாக (அதன் பாதிப்பை ஒப்பீட்டிலிருந்து விலக்க உதவும் எண்ணாக) வைப்பது நல்ல வழி. ஏற்கெனவே வேறு வினாத்தாள்களும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அவற்றிலிருந்தே ஓரளவு இதைச் செய்யலாம்.

ஸ்டீவன் ஹைனும் சக ஆய்வாளர்களும் 2002இல் சுட்டிக்காட்டிய ஒப்பீட்டுக் குழு விளைவையும் மறக்க வேண்டாம். ‘நான் விளையாட்டைப் பற்றியே அதிகம் நினைக்கிறேன்’ என்று மதிப்பிடுபவர் தன்னைச் சுற்றியிருப்பவர்களோடுதான் தன்னை ஒப்பிடுகிறார். எல்லாரும் நாள் முழுவதும் விளையாட்டையே பேசும் கூட்டத்தில் இருப்பவர் தனக்கு 5 போடுவார். அவரையே விளையாட்டில் நாட்டமில்லாதவர்கள் நடுவில் வைத்தால் 7 போடுவார். இதைப் புள்ளியியல் மாறாமைச் சோதனை (அளவுகோல் இரு குழுவிலும் ஒரே விதமாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கணக்கு) முழுவதுமாகப் பிடித்துவிடாது, ஏனென்றால் எல்லா வாக்கியங்களிலும் ஒரே அளவு நகர்ந்தால் அது உண்மையான வேறுபாடு போலவே தெரியும். வாரத்துக்கு எத்தனை மணிநேரப் பயிற்சி, எத்தனை ஆண்டாகப் போட்டி, விளையாட்டுக்காக எதைக் கைவிட்டார் என்பதுபோல எண்ணிச் சொல்லக்கூடிய கேள்விகளைப் பக்கத்தில் வைத்திருந்தால்தான் இதைக் கண்டுகொள்ளலாம்.

யாரை, எப்போது அளந்தீர்கள்

பங்கேற்பவரின் தரம் உயர உயர அடையாள மதிப்பெண்ணும் பொதுவாக உயரும். உங்கள் தமிழ்க் குழுவில் பெரும்பாலோர் உயர்மட்டப் போட்டியாளர்களாகவும் ஆங்கிலக் குழுவில் பலர் பொழுதுபோக்குக் கழகத்தினராகவும் இருந்தால், நீங்கள் அளந்தது பண்பாட்டை அல்ல, தரத்தை. வயது, பால், தனிநபர் விளையாட்டா குழு விளையாட்டா, தற்போதைய காயம், வாழ்வாதாரம் ஆகியவற்றையும் இரு குழுவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள்.

தேதியும் முக்கியம். மோசமான பருவத்துக்குப் பிறகு வீரர்கள் விளையாட்டு அடையாளத்திலிருந்து சற்று விலகிக்கொள்வதைப் புரூவரும் சக ஆய்வாளர்களும் 1999இல் காட்டினார்கள். அணித் தேர்வில் இடம் கிடைக்காதவர்களிடம் மதிப்பெண் இறங்குவதை ராபர்ட் குரோவும் சக ஆய்வாளர்களும் 2004இல் கண்டார்கள். தன்மதிப்பைக் காத்துக்கொள்ளும் இயல்பு அது. ஒரு குழுவைப் போட்டிக்கு முந்தைய முகாமிலும் மற்றதைப் பருவம் முடிந்த பிறகும் அளந்திருந்தால் 4 புள்ளிக்கு வேறு விளக்கமே தேவைப்படாமல் போகலாம். உங்கள் கடிதத்தில் தேதிகள் இல்லை. தாள்களில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கணக்கீடு

இருக்கும் தரவைக் கொண்டு உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வை (வாக்கியங்கள் எதிர்பார்த்த கூறுகளில்தான் சேர்கின்றனவா என்று பார்க்கும் கணக்கு) முதலில் ஒவ்வொரு குழுவிலும் தனியாகச் செய்யுங்கள். ‘ஆர்’ மென்பொருளின் ‘லாவான்’ தொகுப்பு இலவசம், அதுவே போதும். ஏழு எண் அளவுகோல் என்பதால் எண்களைத் தொடர் மாறியாகக் கொண்டு, எண்கள் ஒரு பக்கம் குவிந்தாலும் தாங்கும் வலுவான அதிகபட்ச நிகழ்தகவு முறையைப் பயன்படுத்தலாம். பெரும்பாலோர் 5, 6, 7 மட்டுமே போட்டிருந்தால் அதை வரிசை மாறியாக (கூடக் குறைய என்ற வரிசையை மட்டும் காட்டும் எண்ணாக) கொள்ளுங்கள்.

மூன்று கூறுகளைக் கொண்ட கணித மாதிரிக்கு ஒரு குழுவில் கட்டின்மை எண் (தரவு தரும் தகவல்களின் எண்ணிக்கையிலிருந்து மாதிரி கணக்கிடும் எண்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது) 11 வர வேண்டும். பிறகு இரு குழுவையும் சேர்த்து மூன்று படிகள். முதல் படியில் அமைப்பு மட்டும் சமம்: கட்டின்மை எண் 22. இரண்டாவதில் காரணிச் சுமைகளும் (ஒவ்வொரு வாக்கியமும் தன் கூறோடு எவ்வளவு பிணைந்தது என்பது) சமம்: 26. மூன்றாவதில் வெட்டுப்புள்ளிகளும் (தராசு முள்ளின் தொடக்க நிலை போல, ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்க எண்) சமம்: 30. உங்கள் திரையில் வேறு எண் வந்தால் பொருத்தத்தைப் பார்க்கவே வேண்டாம், மாதிரியை எழுதியதில் பிழை இருக்கிறது. பெரும்பாலும் மூன்றாம் படியில் இரண்டாவது குழுவின் காரணிச் சராசரிகளைத் திறந்துவிட மறந்திருப்பீர்கள். அப்போது 33 வரும்.

படிக்குப் படி பொருத்தம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் தீர்ப்பு. ஒப்பீட்டுப் பொருத்த எண் (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 மிகச் சிறந்தது) 0.01க்கு மேல் குறையக் கூடாது என்பது செயுங்கும் ரென்ஸ்வோல்டும் 2002இல் தந்த வரம்பு. ஃபாங் ஃபாங் சென் 2007இல் ஆட்கள் குறைவான ஆய்வுகளுக்கு, மொத்தம் 300 பேர் வரை, 0.005 என்ற இறுக்கமான வரம்பைத் தந்தார். உங்களிடம் மொத்தம் 257 பேர், ஆகவே இரண்டாவதைப் பின்பற்றுங்கள். பொருத்தத்தின் இன்னோர் அளவான தோராயப் பிழையின் வர்க்கமூல எண், இவ்வளவு குறைந்த ஆட்களும் குறைந்த கட்டின்மை எண்ணும் சேரும்போது, நல்ல மாதிரியையும் மோசமாகக் காட்டும். அதை மட்டும் வைத்து மாதிரியைத் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டு வாக்கியக் கூறுகளில் எச்ச மாறுபாடு (கூறால் விளக்கப்படாமல் மிஞ்சும் பகுதி) எதிர்மறையாக வரலாம். அதைப் பூச்சியமாக்கிவிட்டு நகராமல், அந்த இரண்டு வாக்கியங்களின் ஒட்டுறவை இரு குழுவிலும் பாருங்கள், ஒன்றில் 0.3ம் மற்றதில் 0.8ம் இருந்தால் காரணம் அங்கேதான். இந்தக் கூறுகளுக்கு ஆல்ஃபாவுக்குப் பதில், இரண்டு வாக்கியங்களுக்கு ஏற்ற நம்பகத்தன்மை அளவான ஸ்பியர்மேன்-பிரவுன் எண்ணைத் தாருங்கள். இன்னொரு எல்லையும் உண்டு. இரண்டே வாக்கியங்கள் உள்ள கூறில் வெட்டுப்புள்ளிகள் பொருந்தாதபோது, இரண்டில் எது குற்றவாளி என்று கணக்கு சொல்லாது. எதை விடுவித்தாலும் பொருத்தம் ஒரே அளவு கூடும். ஆகவே ‘வருத்தமாக இருக்கும்’ என்பதைப் பற்றிய என் சந்தேகத்தை எந்த மென்பொருளும் உறுதிசெய்யாது. அதற்கு ஆட்களோடு பேச வேண்டும்.

மூன்று கூறுகளுக்கு மேல் மொத்த அடையாளம் என்று இன்னொரு காரணியை வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் பொருத்தம் இம்மியும் மாறாது. மூன்றே கூறுகள் இருக்கும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று சமமான மாதிரிகள். ‘உயர்நிலை மாதிரியும் நன்கு பொருந்தியது’ என்று எழுதினால் அது புதிய ஆதாரம் ஆகாது.

இனி செய்ய வேண்டியது

முதலில் பேசுங்கள். தமிழ்த் தாளை நிரப்பியவர்களைப் போன்ற 8 முதல் 12 பேரை, வெவ்வேறு தரத்திலும் இரு பாலிலும் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்து, ‘இது உங்களிடம் என்ன கேட்கிறது? ஏன் இந்த எண்? எந்தச் சம்பவத்தை நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘புரிகிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் புரிகிறது என்பார்கள். ஆங்கிலப் பக்கத்திலும் 5, 6 பேரிடம் இதையே செய்யுங்கள்.

பிறகு மொழிபெயர்ப்பைத் திருத்துங்கள். இந்த முறை இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கட்டும். அவர்களில் ஒருவர் விளையாட்டுக் களத்தை அறிந்தவராக இருப்பது நல்லது. இரண்டையும் இணைத்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, எல்லாரும் உட்கார்ந்து சொல் சொல்லாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். சர்வதேசச் சோதனை ஆணையத்தின் தழுவல் வழிகாட்டி, 2017இல் வந்த இரண்டாம் பதிப்பு, இதற்குச் சரிபார்ப்புப் பட்டியலே தருகிறது. ஏன் இந்தச் சொல், ஏன் அது இல்லை என்று ஒவ்வொரு முடிவையும் எழுதி வையுங்கள், அது ஆய்வேட்டின் பின்னிணைப்பாகும். தழுவலுக்கு அளவுகோலை உருவாக்கியவர்களிடம் அனுமதி கேட்டு எழுதுவதையும் இப்போதே முடித்துவிடுங்கள். புதிதாகத் தரவு சேர்க்கும்போது பத்து வாக்கியங்களையும் கேளுங்கள். ஏழை அதிலிருந்தே கணக்கிடலாம். கூடுதல் மூன்று, இரண்டு வாக்கியச் சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தக்கூடும்.

இரு மொழியும் சரளமாக அறிந்த 30, 40 வீரர்கள் கிடைத்தால், பாதிப் பேருக்குத் தமிழ் முதலிலும் பாதிப் பேருக்கு ஆங்கிலம் முதலிலும் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மற்ற மொழித் தாளைத் தாருங்கள். ஒரே ஆள் ஒரே வாக்கியத்துக்குத் தமிழில் தொடர்ந்து ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டால் சொல்லில்தான் பழுது. முழுத் தீர்வு அல்ல இது. மொழி மாறும்போது மனிதர் தன்னைப் பார்க்கும் விதமும் சற்று மாறும், இரு மொழிக்காரர்கள் ஒரு மொழிக்காரர்களின் பிரதிநிதிகளும் அல்ல. ஆனாலும் எந்த வாக்கியம் என்று விரல் நீட்ட இது உதவும்.

பழைய தரவிலிருந்து எதை எழுதலாம் என்பது படிகளைப் பொறுத்தது. முதல் படி மட்டும் தேறினால், இரு குழுவிலும் மூன்று கூறு அமைப்பு காணப்படுகிறது என்று எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் படி தேறினால், ஒவ்வொரு கூறும் பயிற்சி நேரத்தோடும் காயக் கவலையோடும் கொண்ட தொடர்பை இரு குழுவிலும் ஒப்பிடலாம். அதுவே நல்ல ஆய்வுக் கேள்வி. சராசரி ஒப்பீட்டைவிடச் சுவையானதும் கூட. மூன்றாம் படி தேறினால் மட்டுமே சராசரியைத் தொடுங்கள், அதையும் கூறு கூறாக, விளைவின் அளவோடு, தரமும் பருவமும் கட்டுப்படுத்தி. அப்போதும் ‘வலுவான அடையாளம்’ என்பதை ‘நல்ல வீரர்’ என்றோ ‘ஆபத்தில் உள்ளவர்’ என்றோ படிக்க இடம் தராதீர்கள். இந்த அளவுகோலுக்கு இதற்கு மேல் அதிகம், இதற்குக் கீழ் குறைவு என்று நிறுவப்பட்ட வெட்டுக்கோடு கிடையாது.

நீக்கச் சொன்ன வாக்கியத்தின் இடத்தில் இதை வையுங்கள்: ‘தமிழ் வடிவத்தை நிரப்பியவர்களின் மொத்த மதிப்பெண் சராசரி 4 புள்ளி கூடுதலாக இருந்தது, இவ்வேறுபாட்டில் மொழிபெயர்ப்பு, பதிலளிக்கும் பாங்கு, பங்கேற்றவர்களின் அமைப்பு ஆகியவற்றின் பங்கு பின்வரும் பகுதியில் சோதிக்கப்படுகிறது.’ அந்தப் பின்வரும் பகுதியை எழுதத் தொடங்குமுன் கேட்கும் வேலையை முடியுங்கள். அந்த 8 முதல் 12 பேரிடம் முதலில் வாசித்துக் காட்ட வேண்டியது ‘வருத்தமாக இருக்கும்’ என்ற வாக்கியம்.